போடட்டா என்று கேட்டாயே

வெள்ளவத்தை
ஞாயிறு மாலை

அன்புள்ள ரவி மச்சான்,

உன் குரல்பதிவு கிடைத்தது. ரொறொன்ரோக் குளிர், தங்கச்சி மகளின் கலியாணப் பேச்சு, உன் முழங்கால் வலி என்று ஊர்சுற்றிவிட்டுக் கடைசி அரை நிமிடத்தில்தான் விஷயத்துக்கு வந்தாய். "எச்.பி.வி. ஊசி போடச் சொல்லுகினம், இந்த வயதில் போடட்டா?"

எச்.பி.வி. உறவில் தொற்றுகிற வைரஸ், குதவாயில் புற்றுநோயைக்கூடக் கொண்டுவரும்; அதைத் தடுக்கிற ஊசி இது. உன் டொக்டர் சொன்னால் போடு, எங்களைப் போல எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூன்று தரம். ஆனால் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதே. நான் சொல்கிற கதையைக் கேள்.

போன வருடம் மலசலகூடத்தில் இரத்தம் கண்டேன். ஒரு கீற்றுத்தான். மூலம் என்று நானே தீர்மானித்து, உறைப்பைக் குறைத்து, கரணைக்கிழங்கு தின்று, பாமசியில் களிம்பு வாங்கிப் பூசினேன். பிறகு ஒரு தனியார் டொக்டரிடம் போனேன். அவர் கட்டிலில் ஏறச் சொல்லவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே அதே களிம்பை எழுதித் தந்தார். நான் என்ன குளிசை குடிக்கிறவன் என்று அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்குகிற 365அ பிரிவு சட்டப் புத்தகத்தில் இன்னும் கிடக்கிற நாட்டில் எப்படி வாய் வரும், சொல்லு!

ஐந்து மாதம் அப்படியே போனது. டி சேரம் பிளேஸில் உள்ள அரச எச்.ஐ.வி. கிளினிக்குக்கு வழக்கமான மருந்தெடுக்கப் போன அன்று, எழும்பி வரும்போது வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். அந்த டொக்டர் பேனையை மூடிவைத்துவிட்டு, "திரும்பி வந்து இருங்கோ" என்றார். சத்திரசிகிச்சை டொக்டரிடம் அனுப்பினார்கள். ஜெல் பூசிய விரல், ஒரு நிமிடம்கூட இல்லை. உள்ளே பயறளவில் ஒரு தடிப்பு. துண்டெடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் இல்லை, அதற்கு முந்திய படி. சுட்டு எடுத்தார்கள். மூன்று நாள் கதிரையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம்தான் வாசிக்கத் தொடங்கினேன். குதவாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது இந்த வைரஸால் வருவது, அதிலும் 16ஆம் வகைதான் பெரிய கள்ளன். மற்றவர்களில் வருடத்துக்கு இலட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருகிறது என்றால், ஆண்களோடு உறவுள்ள எச்.ஐ.வி. ஆண்களில் சுமார் 85 பேருக்கு. எச்.ஐ.வி. இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருந்தாலும் இந்த ஆபத்து முழுதாகப் போவதில்லை. எனக்கு அது தெரியாது, மச்சான். ரிப்போர்ட் நல்லது என்றால் எல்லாம் நல்லது என்றிருந்தேன்.

ஊசி, உடம்புக்குள் இன்னும் வராத வகையைத்தான் தடுக்கும். வந்துவிட்டதைத் துரத்தாது. ஆண்களோடு உறவுள்ள 16 முதல் 26 வயது ஆண்களில், முன்பு அந்த வகைகள் தொற்றாதவர்களிடம், புற்றுக்கு முந்திய மாற்றங்களை அது சுமார் முக்கால் பங்கு குறைத்தது. 27 வயதுக்கு மேற்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்கள் 575 பேரிடம் பார்த்தபோது பலன் தெரியவில்லை, ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் 2022இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைப் பார். 35 வயது தாண்டிய எச்.ஐ.வி. உள்ளவர்கள் 4,400 பேருக்கு மேல். முந்திய படியிலேயே சுட்டு எடுத்தவர்களுக்கு, சும்மா கவனித்துக்கொண்டிருந்தவர்களைவிடப் புற்றுநோய் 57 சதவீதம் குறைவு. எங்கள் வயதுக்கு அதுதான் செய்தி.

இங்கே 2017இலிருந்து பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த ஊசி போடுகிறார்கள், பெண்பிள்ளைகளுக்கு மட்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுக்காக, சரிதான். பொடியன்களுக்கும் போட்டால் என்ன என்று எனக்குக் கோபம். அக்கா மகனுக்குப் பதின்மூன்று வயது, காசு கொடுத்தாவது போடு என்றேன். "உனக்கேன் இந்த அக்கறை?" என்று ஒரு பார்வை பார்த்தாள். காசை நான் தருகிறேன் என்று சொல்லித் தப்பினேன்.

அடுத்த முறை கிளினிக் போகும்போது ஊசி பற்றிக் கேட்கிறதோடு, "உள்ளே பாருங்கள்" என்றும் கேள். உங்கள் ஊரில் கருவி வைத்துப் பார்க்கிற ஆட்களும் இருப்பார்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுது, குரல்பதிவு வேண்டாம், பஸ்ஸில் கேட்க முடியவில்லை.

மார்கழியில் வருவதென்றால் நாளைச் சொல்லு. அக்கா மேல்மாடி அறையைத் துப்பரவாக்கச் சொல்லி நச்சரிக்கிறாள்.

அன்புடன்,
குமார்