ஓடுகிற குழாய் எல்லாம் வீண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ரோம் போய்வந்த வாசகர் ஒருவரின் பயணக் குறிப்பு வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் போகிற போக்கில், "தெருவுக்குத் தெரு குழாய் இராப்பகலாகத் திறந்தே கிடக்கிறது, மூட ஆளில்லை, தண்ணீரின் அருமை தெரியாத ஊர்" என்று ஒரு போடு போட்டுவிட்டார். குடிநீர் வடிகால் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா விட மனம் வரவில்லை.

போன ஜூலையில் நாங்களும் ரோமில் இருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் இருக்கிறார்கள். அங்கிருந்து பேரனையும் கூட்டிக்கொண்டு ஐந்து பேராகக் கிளம்பினோம். கொலோசியம், வாத்திகன் எல்லாம் மாப்பிள்ளை கணக்கு. ஒரு நாளை மட்டும் எனக்கு விட்டுவிடச் சொன்னேன். அன்று பார்த்ததெல்லாம் தண்ணீர்தான்.

மெட்ரோவில் ஸ்பான்யா நிலையத்தில் இறங்கினோம். ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரக் கூடாது; 2019-இல் போட்ட தடை. முழங்கால் வலியோடு உட்காரப் போன என் மனைவி, விசில் சத்தம் கேட்டு எழுந்துகொண்டார். படிக்கட்டின் அடியில், பாதி மூழ்கிய படகு மாதிரி ஒரு நீரூற்று இருக்கிறது. பியெத்ரோ பெர்னினி என்ற சிற்பி 1629-இல் முடித்தது. எல்லோரும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அது ஏன் தரைமட்டத்துக்கும் கீழே பள்ளத்தில் கிடக்கிறது என்று பார்ப்பார் இல்லை. அங்கே வந்து சேரும் தண்ணீருக்கு அழுத்தம் போதாது. மேலே பீய்ச்சியடிக்க வைக்க முடியாது என்பதால், தளும்பி வழிகிற படகாகச் செய்துவிட்டார்கள். பிரஷர் இல்லாத லைனை வைத்துக்கொண்டு இத்தனை அழகாகச் சமாளித்தவன் எங்கள் துறையில் இருந்திருந்தால் தினமும் கும்பிட்டிருப்பேன்.

அந்த லைன் ஏதோ நேற்றுப் போட்டதல்ல. கி.மு. 19-இல் அக்ரிப்பா என்ற ரோமத் தளபதி கொண்டுவந்த கால்வாய். பெரும்பகுதி தரைக்கு அடியிலேயே சுமார் 20 கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு தூரத்துக்கும் சரிவு ஏறத்தாழ 4 மீட்டர்தான். மோட்டார் இல்லை, பம்ப் இல்லை. இடையில் ரோமை முற்றுகையிட்ட கோத் இனத்தார் உடைத்தார்கள், போப்பாண்டவர்கள் செப்பனிட்டார்கள். த்ரேவி நீரூற்றும் இதே கால்வாய் வந்து சேரும் இடத்தில்தான் நிற்கிறது. அங்கே நாங்கள் ரொம்ப நேரம் நிற்கவில்லை. கூட்டம் தாங்கவில்லை.

இப்போது அந்தத் தெருக்குழாய்க்கு வருகிறேன். பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயிலுக்குப் போகிற சந்தில் ஒன்று. வார்ப்பிரும்புத் தூண், பேரனின் நெஞ்சு உயரம், வளைந்த மூக்கு, அடியில் சாக்கடைக்குப் போகிற கம்பித் தட்டு. 1874-இலிருந்து வைத்துவருகிறார்கள், இன்று நகரில் சுமார் 2,500 இருக்கின்றன. மூக்கின் வளைவில், மேல்பக்கம், ஒரு சின்ன ஓட்டை. வாயை விரலால் அடைத்தால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் வில்லாக வளைந்து மேலே வரும், குனியாமல் குடிக்கலாம். பேரனுக்குச் செய்து காட்டினேன். அப்புறம் அவன் விடுவானா? என் சட்டை முழுக்க நனைந்தது.

"ஏங்க, ரோட்டுக் குழாய்ல போய் பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறீங்களே" என்றார் என் மனைவி. கடையில் பாட்டில் வாங்கக் கிளம்பினார் மாப்பிள்ளை. இரண்டு பேரையும் நிறுத்தி ஒரு வாய் குடிக்க வைத்தேன். ஜூலை வெயிலில் அத்தனை குளிர்ச்சி. தண்ணீர் ஓரிடத்தில் நிற்காமல் வருகிறது, அதனால்தான் அந்தக் குளிர்ச்சி.

பயணக் குறிப்பு எழுதியவர் விட்டுவிட்டது இதைத்தான். குழாயின் கடைசி முனையில் தண்ணீர் தேங்கினால் குளோரின் செத்துவிடும், வாடை வரும், கிருமி வளரும். நம் ஊரில் குழாய் முடிகிற டெட் எண்டில், தேங்கிய தண்ணீரை வெளியே விடுகிற ஸ்கவர் வால்வைத் திறந்து ஃபிட்டர் அவ்வப்போது தண்ணீரை வெளியேற்றுவது இதற்காகத்தான். அங்கே அந்த வேலையைத் தெருக்குழாயே இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொள்கிறது, தாகத்துக்கும் ஆகிறது. நாம் நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு, மற்ற நேரம் குழாயைக் காலியாகப் போடுகிறோம். அழுத்தம் இறங்கியதும் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. எதை வீண் என்பது?

2017 வறட்சியின்போது ரோமிலும் இதே பேச்சு வந்தது. ஒரு நாளைக்கு 30 குழாய் வீதம் மூடுவதாக அறிவித்தார்கள். இந்தக் குழாய்களில் போவது மொத்தத் தண்ணீரில் சுமார் ஒரு சதவீதம்தான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. பூமிக்கு அடியில் பழைய குழாய்களில் கசிந்து போனதோ நாற்பது சதவீதத்துக்கும் மேல். கண்ணுக்குத் தெரிகிற குழாயை மூடினால் நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கும். கசிவைத் தேடி ரோட்டைத் தோண்டினால் திட்டுத்தான் கிடைக்கும். இது எந்த ஊர் பொறியாளருக்கும் தெரியும்.

திருட்டு இணைப்பும் அங்கே புதிதல்ல. கி.பி. 97-இல் ரோமின் தண்ணீர்த் துறைக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அனுமதித்த அளவைவிடப் பெரிய முனையை இணைப்பில் மாட்டியது (வீட்டு இணைப்பு பெரிய குழாயில் சேரும் இடத்தில் நாம் பெரூல் என்ற சின்ன முனையைப் போடுவோமே, அந்த இடம்), முத்திரையே இல்லாத முனைகள், காசு வாங்கிக்கொண்டு துறை ஆட்களே ரகசியமாகத் துளை போட்டுக் கொடுத்தது, எல்லாம் இருக்கிறது. என் சர்வீஸில் நான் எழுதிய மெமோக்களைத் திரும்பப் படிப்பதுபோல் இருந்தது.

பாந்தியனுக்குள் எல்லோரும் அண்ணாந்து, 9 மீட்டர் அகலத் திறப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை நேராக உள்ளே விழும். நான் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தேன். லேசான சரிவு, பளிங்கில் சின்னச் சின்ன வடிகால் துளைகள். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்: "அப்பா, எல்லாரும் பார்க்கிறாங்க, எந்திரிங்க."

சாயங்காலம் நவோனா சதுக்கம். அங்கே 1651-இல் முடிந்த நான்கு நதி நீரூற்றில் ஒரு சிலை நம் கங்கை. கையில் துடுப்போடு, தாடி வைத்த ஆள். "தாத்தா, கங்கை ஆம்பளையா?" என்றான் பேரன். அங்கே நதிகளை அப்படித்தான் செதுக்குவார்கள் என்றேன். என் மனைவிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ரோம் போகிற வாசகர்கள் காலி பாட்டில் ஒன்று எடுத்துப் போகவும். த்ரேவியின் பெரிய தொட்டியில் இருப்பது சுழற்சித் தண்ணீர், அதைக் குடிக்க வேண்டாம்; தெருக்குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கழிப்பறைதான் திண்டாட்டம். ஏதாவது காபிக் கடையில் நின்றபடி ஒரு காபி குடித்துவிட்டுக் கேட்டால் சாவி கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் வாரியப் பொறியாளர்,
திண்டுக்கல்