இசைக்கலைஞருக்குக் காப்புறுதி கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடகர்கள் விளம்பரத்தில் தோன்றினால் கலை விலைபோய்விடும் என்ற தொனியில் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோயில் திருவிழா மேடைகளில் இருபது வருடமாகக் கிற்றார் வாசிப்பவன் என்ற முறையில் ஒரு மறுப்பு.

இந்த விலைபோகும் சண்டை றொக் உலகில் பழையது. 1988 இல் றொக் பாடகர் நீல் யங், நிறுவனங்களுக்காகப் பாடுவோரைக் கிண்டலடித்து ஒரு பாட்டே போட்டார். அதன் வீடியோவை முதலில் ஒளிபரப்ப மறுத்த எம்ரீவி என்ற இசைத் தொலைக்காட்சி, அடுத்த வருடம் அதற்கே ஆண்டின் சிறந்த வீடியோ விருதைக் கொடுத்தது! அது கிடக்கட்டும்.

2008 இல் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற றொக் குழுவின் பாடகர் ஜோன் லைடன் பிரித்தானியத் தொலைக்காட்சியில் பட்டர் விற்றார். 1977 இல் மகாராணியையே நக்கலடித்துப் பாடிய மனிசன், கம்பளிக் கோட்டோடு நாட்டுப்புறத்தில் நின்று பாணுக்குப் பூசும் பட்டரைப் புகழ்ந்தால் பழைய ரசிகருக்கு எரியாதா? அவரோ, அந்தக் காசில்தான் தன் மற்றக் குழுவான 'பப்ளிக் இமேஜ் லிமிட்டெட்'டைத் திரும்பக் கூட்டியதாக வெளிப்படையாகவே சொன்னார். இதில் ஏமாந்தவர் எவருமில்லை. பட்டர் பிடிக்காவிட்டால் அடுத்த கிழமை வேறு வாங்கலாம்.

2009 இல் வந்தது வேறு கதை. அறுபதைத் தாண்டிய அமெரிக்க றொக் பாடகர் இக்கி பொப், மேற்சட்டையில்லாமல் துள்ளிக்கொண்டு, ஸ்விஃப்ட்கவர் என்ற நிறுவனத்தின் வாகனக் காப்புறுதிக்கு விளம்பரம் செய்தார். தானும் அதில் காப்புறுதி எடுத்தவர் போலவே பேச்சு. ஆனால் அந்த நிறுவனம் அப்போது பொழுதுபோக்குத் துறையினருக்குக் காப்புறுதி கொடுப்பதே இல்லை. விளம்பரத்தை நம்பிப் போகும் இசைக்காரர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். முறைப்பாடுகள் போயின, பார்ப்பவரைத் தவறாக வழிநடத்துகிறது என்று பிரித்தானியாவின் விளம்பரத் தர அதிகாரசபை அதைத் தடுத்தது.

இது எனக்கு மறக்காமல் இருக்கக் காரணம் உண்டு. எங்கள் குழுவின் ஸ்பீக்கரும் கீபோட்டும் ஏற்றும் வானுக்குக் காப்புறுதி எடுக்க யாழ்ப்பாணம் ரவுணில் ஓரிடத்துக்குப் போயிருந்தேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'இசைக்கலைஞர்' என்று எழுதினேன். மேசைக்கு அங்கால் இருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இரவிரவா ஓடுற வானோ? 'சுயதொழில்' எண்டு போடுங்கோ, சோலியில்லை" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், அதே நிறுவனத்தின் பெயரோடு, ஒரு பிரபல பாடகர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பாடகர் காசு வாங்கட்டும் ஐயா. திருவிழாக் காலம் முடிந்தால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவது எப்படி என்று எங்களுக்குத்தான் தெரியும். அவர் கையில் பிடித்துக் காட்டும் பொருளை அவரைப் போன்ற ஒருவருக்கு அந்தக் கடை கொடுக்குமா என்பதை உங்கள் கட்டுரையாளர் ஒருக்கால் விசாரித்து எழுதினால் நல்லது.

நான் 'இசைக்கலைஞர்' என்பதை வெட்டாமலேயே படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுமொழி இன்னும் வரவில்லை.

கிற்றார்க்காரன்,
கொக்குவில்.