மாணிக்கத்துக்கு, பட்டா மாறாத கதை

டேய் மாணிக்கம்,

உன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு, பதில் போடலைனு திட்டிக்கிட்டு இருப்ப. உன் பொண்ணுக்கு மைசூர்லயே வேலை கெடச்சதுல எங்க வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், உன் வீட்டுக்காரம்மாவுக்கு இனிமே நிம்மதி. முட்டி எப்படி இருக்கு? பிசியோ சொன்னபடி நடக்குறியா இல்ல டாக்டர்கிட்டயே வாதம் பண்ணிக்கிட்டு இருக்கியா?

அப்பா நெலத்துக்குப் பட்டா மாத்தியாச்சானு கேட்டிருந்த. இல்லடா. அப்பா தவறுனதுக்கு அப்புறம் இறப்புச் சான்றிதழ் ஈசியா வந்துச்சு, வாரிசு சான்றிதழ் கொஞ்சம் அலைஞ்சு வாங்கியாச்சு, பட்டாவுல வந்து வசமா மாட்டிக்கிட்டேன். தாத்தா வாங்குன கிரையப் பத்திரத்துல அவர் பேரு மட்டும்தான் இருக்கு, ஆனா யுடிஆர்னு நெலப் பதிவேட்ட புதுசு பண்ணாங்களே, 1979ல ஆரம்பிச்சு 87 வரைக்கும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்னு, அப்ப எவனோ பக்கத்து வரப்புக்காரர் பேரையும் சேத்து கூட்டுப் பட்டாவா ஏத்திவிட்டுட்டான். அப்பா உயிரோட இருந்தவரைக்கும் யாரும் சிட்டா எடுத்துப் பாக்கல. இப்ப அந்த வரப்புக்காரர் மகனே "உங்க நெலம் எனக்கு எதுக்குண்ணே, எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்"ங்கறான். ஆனா யுடிஆர் திருத்தம்னா கிராம நிர்வாக அலுவலர் விஏஓ, வருவாய் ஆய்வாளர் ஆர்ஐ, தாசில்தார், கோட்டாட்சியர் ஆர்டிஓனு ஏறி மாவட்ட வருவாய் அலுவலர் டிஆர்ஓ வரைக்கும் ஃபைல் போகணுமாம். சண்டையே இல்லாத ஒரு விஷயத்துக்கு இத்தனை மேஜை.

இ-சேவை மையத்துல போய் ஆன்லைன்ல போட்டேன். கொஞ்ச நாள்ல மெசேஜ் வந்துச்சு, நிராகரிக்கப்பட்டது, காரணம் உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை. எந்த ஆவணம்னு ஒரு வார்த்தை கெடையாது. தாலுகா ஆபீஸ் வாசல்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரே ஒருத்தர், அவர்கிட்ட காட்டுனேன், மனுஷன் திரும்பிக்கூட பாக்காம "மாசக் கடைசிதான சார், கலெக்டர் மீட்டிங்ல பெண்டிங் எவ்ளோனு கேப்பாங்க, அதான் ரிஜக்ட் போட்டு கணக்க முடிச்சிருப்பாங்க, ஒண்ணாந்தேதிக்கு மேல அதே பேப்பர வெச்சு மறுபடி போடுங்க"னு சொல்லிட்டு அடுத்த ஆளோட ஆதாரை வாங்கி மெஷின்ல வெச்சுட்டார். எனக்கு அப்பதான்டா விஷயமே பிடிபட்டுச்சு. மேல உக்காந்து பாக்குற ஆபீசருக்கு ஸ்கிரீன்ல எல்லாம் பச்சையா தெரியும், பெண்டிங் குறைஞ்சிருச்சு, மீட்டிங்ல பாராட்டு. எனக்குப் பட்டா வரல, ஆனா அவங்க கணக்குல என் வேலை முடிஞ்சுபோச்சு. லஞ்சம் லஞ்சம்னு எல்லாரும் பேசுறாங்க, இல்லாம இல்ல, ஆனா லஞ்சம் பொழைக்கிறதே இந்தத் தாமதத்த வெச்சுத்தான. காலதாமதத்துக்கு யாருமே பதில் சொல்ல வேண்டாம்னா, அத வெல பேசி விக்கிறதுக்கு ஒருத்தன் வரத்தான செய்வான்.

கீழ இருக்கறவங்கள மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரல. எங்க விஏஓவுக்கு பக்கத்து கிராமமும் கூடுதல் பொறுப்பு, அது போக எலெக்‌ஷன் வேலை, வெள்ளம் வந்தா கணக்கெடுப்பு, கோயில் திருவிழா, எந்தத் திட்டம் வந்தாலும் அவர் தலைலதான். ஒழுங்கா வேலை பாத்தா என்ன ஆகுதுனு 2023ல தூத்துக்குடி பக்கம் முறப்பநாட்டுல பாத்தோமே, மணல் கடத்தல் பத்தி புகார் குடுத்த விஏஓவ ஆபீசுக்குள்ளயே பூந்து வெட்டுனானுங்க. தண்டனை கெடச்சுச்சு, சரி, ஆனா போன உசுரு போனதுதான.

மாத்தவே முடியாதுனு சொல்றவங்கள கண்டா எரிச்சலா வருது. 1980ல எம்ஜிஆர் ஒரே அவசரச் சட்டத்துல மணியம், கர்ணம் எல்லாத்தையும் ஒழிச்சுக்கட்டல? பரம்பரை பரம்பரையா ஊர்க் கணக்க வீட்டுப் பெட்டிக்குள்ள வெச்சிருந்த ஆளுங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க, 82ல சட்டம் செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு. ஆளு மாறுச்சு, ஆனா கணக்கு ஆபீசுக்குச் சொந்தம், ஜனங்க வந்து நின்னு கேக்கணும்ங்கற நெனப்பு மட்டும் மாறவே இல்ல. தகவல் உரிமைக்கு 1997லயே மாநில அளவுல சட்டம் போட்ட ஊருடா நம்மளது, ஓட்டை நெறைய இருந்துச்சு, இருந்தாலும் டெல்லி 2005ல வர்றதுக்கு முன்னாடியே போட்டோம். சேவை உரிமைச் சட்டம்னு, அரசாங்க வேலைய கெடுவுக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்ங்கற சட்டம், அது வர்றப்ப மட்டும் மத்தியப் பிரதேசம் 2010லயே போட்டு முன்னாடி போயிருச்சு, உங்க கர்நாடகா 2012ல சகாலாவ கொண்டு வந்துருச்சு, நாம மேடையில பேசிக்கிட்டே இருந்தோம். உங்க ஊர்ல லேட் ஆனா ஒரு நாளைக்கு 20 ரூபா, அதிகபட்சம் 500 ரூபாதான், அந்த 20 ரூபாயில ஒரு வேள சாப்பாடு கூட முழுசா வராது, ஆனா எந்த மேஜையில எத்தன நாள் தூங்குச்சுனு பேரோட பதிவாகுதில்ல, அது போதும்டா.

ஆனா நம்ம ஆளுங்க வெறும் கெடு மட்டும் வெச்சு சட்டம் போட்டா கெடு முடியறதுக்கு முந்துன நாள் எல்லாத்தையும் ரிஜக்ட் பண்ணிருவாங்க, எழுதி வெச்சுக்கோ. நிராகரிக்கிறதா இருந்தா என்னென்ன பேப்பர் கொறையுதுனு ஒரே தடவையில முழுசா சொல்லணும், அதுக்கப்புறம் புதுசா ஒண்ணு கேக்கக் கூடாது. அப்பீல்ல அந்த ரிஜக்ட் தப்புனு ஆச்சுன்னா போட்டவருக்கு அபராதம். இன்னொண்ணு இந்த ட்ரான்ஸ்ஃபர். என் ஃபைல கொஞ்சம் புரிஞ்சுக்கிட்ட தாசில்தார் பாதியில மாறிட்டார், புதுசா வந்தவர் முதல்ல இருந்து அறிக்கை கேக்குறார். பெரிய அதிகாரிங்களுக்கு ஒரு எடத்துல குறைஞ்சபட்ச காலம் வேணும், வாய்மொழி உத்தரவ எழுத்துல பதியணும்னு முன்னாள் கேபினட் செக்ரட்டரி டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் போட்ட கேஸ்ல 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அங்கயே ஒழுங்கா நடக்கல, தாலுகா லெவலுக்கு எப்ப எறங்கி வருமோ.

கடைசியா ஒரு வழி பண்ணேன். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு ஆர்டிஐ மனு, என் மனு எந்தத் தேதியில யார் மேஜைக்குப் போச்சு, அவர் அதுமேல என்ன நடவடிக்கை எடுத்தார், அவ்ளோதான் கேள்வி. பதில் வரல, ஆனா விஏஓ போன் பண்ணி "ஸ்பாட்டுக்கு வர்றேன் சார், பத்திரம் எடுத்து வைங்க"ன்னார்! வந்தார், வரப்புல நின்னு ரெண்டு பேர்கிட்டயும் வாக்குமூலம் எழுதி வாங்கிட்டுப் போனார். இப்ப அறிக்கை மேல போயிருக்காம். ஜமாபந்தி வருது, வருஷா வருஷம் தாலுகாவுல ஊர்க் கணக்க சரிபாத்து மனு வாங்குவாங்களே, அது, பசலிங்கற வருவாய்க் கணக்கு வருஷம் முடியறதுக்குள்ள அங்கயும் ஒரு மனு குடுத்து வெச்சிரலாம்னு இருக்கேன், ரசீது ஒண்ணு கைல இருந்தா நல்லதுதான.

உன்கிட்ட பழைய சகாலா ரசீது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புடா, எங்க விவசாயிகள் சங்கத்துல காட்டணும், அப்படி ஒண்ணு இருக்குனு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. கருப்பட்டி எடுத்து வெச்சிருக்கேன், பார்சல்ல போடவா இல்ல ஆடி மாசம் நீயே வர்றியா?

உன்
ராமு