இரண்டு டயானாக்கள்: பாடகர் பால் ஆன்காவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பால் ஆன்கா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று இரவு உங்கள் 'டயானா' பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்டேன். முதலில் 1963இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்காக நீங்கள் மறுபடியும் பாடியது. பிறகு ஏ.பி.சி.-பாரமவுண்ட் 1957இல் வெளியிட்ட மூலப் பதிவு. இத்தனை ஆண்டுகளும் பின்னதைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு முன்னதைத்தான் கேட்டுவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உங்கள் பழைய பாடல்களின் தொகுப்பு என்று கையில் கிடைத்ததை நம்பிவிட்டேன்.

1963 பதிவில் குறை சொல்ல எதுவுமில்லை. குரல் முதிர்ந்திருக்கிறது, மூச்சு சீராக ஓடுகிறது. ஆனால் அந்தப் பாட்டு தன்னைவிட மூத்த பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்த ஒரு பையனுடையது. ஊரார் என்ன சொன்னாலும் கவலையில்லை என்று அவன் கெஞ்சுகிறான். தேர்ந்த பாடகர் அதை அழகாகப் பாடிவிடலாம்; கெஞ்சுவதற்கு அந்த வயது வேண்டும். 1957இல் உங்கள் குரல் உச்சத்தை எட்டும்போது இறுகுகிறது, கொஞ்சம் மூக்கில் ஏறுகிறது, எங்கே உடைந்துவிடுமோ என்று நமக்குப் பதைக்கிறது. பின்னால் சாக்ஸபோன் ஒரே சொற்றொடரைப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, அந்தப் பையனின் பிடிவாதத்தைப் போலவே. நியூயார்க்குக்குத் தேடிவந்த பையனின் பாட்டைக் கேட்டு அவனை நம்பிய இசைத்தட்டுத் தயாரிப்பாளர் டான் காஸ்டாவுக்கு நான் மனத்துக்குள் நன்றி சொன்னேன். பிரிட்டனில் அது ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அங்கே மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அத்தனை பேரும் வாங்கியது அந்த இறுகிய குரலைத்தான்.

அதற்கும் முந்தைய தட்டு ஒன்று இருக்கிறது. 1956இல் லாஸ் ஏஞ்சலிஸில், ஆர்.பி.எம். என்ற சிறு இசைத்தட்டு முத்திரையில் நீங்கள் பதிவு செய்தது. அது விற்கவில்லை. அதன் ஒரு பக்கத்துப் பாட்டின் பெயரை வாய்விட்டுச் சொல்வதே கடினம்: 'ப்ளோ வைல் டெவீஸ்ட் ஃபான்டெய்ன்'. ஜான் பக்கனின் 'பிரெஸ்டர் ஜான்' நாவலில் வரும் தென்னாப்பிரிக்க ஊரின் பெயர் அது. ஒட்டாவாவில் வளர்ந்த, தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய ஒரு பையன், புத்தகத்தில் படித்த ஊர்ப்பெயரின் ஓசையில் மயங்கி அதைப் பாட்டாக்கியிருக்கிறான். விற்பனைக்காக யாரும் அப்படி ஒரு பெயரை வைக்க மாட்டார்கள். உங்கள் பாடல்களில் எனக்கு மிகவும் பிரியமானது எது என்று கேட்டால் வேறு பெயர்களைச் சொல்வேன். ஆனால் உங்களைத் தெரிந்துகொள்ள எதைக் கேட்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் உங்களோடு சுவரொட்டிகளில் சிரித்த மற்ற இளைஞர்களில் பலர், பிறர் எழுதித் தந்ததைப் பாடினார்கள். ஃபேபியனுக்கு டாக் போமஸும் மார்ட் ஷூமனும் எழுதினார்கள். உங்களுக்கு நீங்களே எழுதினீர்கள். அதனால்தான் 1959இல் 'லோன்லி பாய்' அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றபோதும், தனிமை என்ற அந்தச் சொல் பொய்யாக ஒலிக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்துக் கனடிய தேசியத் திரைப்பட வாரியம் உங்களைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். அதில் வீறிட்டு அழும் பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

பிறருக்கும் எழுதினீர்கள். 1958இன் தொடக்கத்தில் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியோடு ஆஸ்திரேலியா சுற்றிவந்தீர்கள். அதே ஆண்டு அக்டோபரில், நீங்கள் அவருக்காக எழுதிய 'இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்' பாட்டை அவர் வயலின்களோடு பதிவு செய்தார். அடுத்த பிப்ரவரியில் விமான விபத்தில் அவர் போய்விட்டார். அந்தப் பாட்டில் உங்களுக்கு வரவேண்டிய உரிமைத் தொகையை அவருடைய மனைவிக்குக் கொடுத்தீர்கள். அப்போது உங்களுக்கு 17 வயது. இதை நினைக்கும் போதெல்லாம் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பழைய பாடல்களை மறுபடியும் பாடிய அதே 1963இல்தான், ஏ.பி.சி.-பாரமவுண்டில் இருந்த மூலப் பதிவுகளின் உரிமையை விலை கொடுத்து மீட்டீர்கள். தன் பாட்டு தன்னிடமே இருக்க வேண்டும் என்ற எண்ணம் பாடகர்கள் பலருக்கு எட்டாத காலம் அது. ஆக, அந்தப் பையனின் குரலுக்கு என்ன மதிப்பு என்பது உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அப்படியிருக்க, புதிதாகப் பாட ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தபோது பழைய தட்டை ஒருமுறை போட்டுக் கேட்டீர்களா? கேட்டிருந்தால், அந்த இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவர முயன்றீர்களா, அல்லது அது அவனுக்கே உரியது என்று தொடாமல் விட்டுவிட்டீர்களா?

'லோன்லி பாய்' பாட்டின் இரண்டு பதிவுகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை 1959ஐத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்