படகின் அடித்துளைகள்

சிங்கப்பூர்

அன்பு செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. லங்காவியில் அந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கியே விட்டாயா! ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். சின்னவன் தேசிய சேவைக்குப் போயிருக்கிறான், வீட்டில் சத்தமே இல்லை.

சரி, படகின் அடித்துளைகளில் இருக்கும் பொருத்திகளை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தாயே, அந்த விஷயம். தண்ணீருக்குக் கீழே இருக்கும் த்ரூ-ஹல் (படகின் சுவர்த் துளையில் பொருத்தும் குழாய்), சீகாக் (அதை மூடித் திறக்கும் வால்வு) எல்லாம் பித்தளையா வெண்கலமா என்று முதலில் பார். பித்தளை என்றால் யோசிக்காமல் கழற்று. உப்புத் தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிடும். பஞ்சு மாதிரி செம்புதான் மிஞ்சும். வெளித்தோற்றம் மாறாது. பிடியைத் திருப்பும்போது ஒரு நாள் உடைந்து கையோடு வந்துவிடும். சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா, அதுதான் அடையாளம். நம் கடலின் சூட்டில் அரிப்பு இன்னும் வேகம். இரண்டடி ஆழத்தில் ஒன்றரை அங்குலத் துளை திறந்தால் நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும், செல்வம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 316 ஆனாலும் வேண்டாம். காற்றுப் படாத ஈர இடுக்கில் அது அரிக்கும். நல்ல வெண்கலம் வாங்கு, அல்லது மேரலான், ட்ரூடிசைன் மாதிரி கண்ணாடி இழை கலந்த நைலான். ஃபைபர் படகுக்கு எனக்கு நைலான்தான் பிடிக்கும், உலோகங்களுக்கு வரும் மின் அரிப்புப் பயமே இல்லை. மரையையும் கவனி: த்ரூ-ஹல்லில் பெரும்பாலும் நேர் மரை, சாதாரணக் குழாய் வால்வில் கூம்பு மரை. இரண்டையும் சேர்த்தால் சில சுற்றுதான் பிடிக்கும். அது போதாது.

சீலண்ட்டுக்கு, அதாவது கசிவை அடைக்கும் பசைக்கு, 3M 5200 என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். த்ரூ-ஹல்லைப் பிடித்து நிறுத்துவது விளிம்பும் நட்டும்தான். சீலண்ட் தண்ணீரைத் தடுத்தால் போதும். 5200 போட்டதைப் பின்னால் கழற்றினால் ஃபைபரும் பெயர்ந்து வரலாம். அதைவிட லேசாக ஒட்டும் 3M 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 தாராளம். பாலிசல்ஃபைடு வகை சீலண்ட் வெண்கலத்துக்கு அருமை, ஆனால் சில பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். சிலிகான் பக்கமே போகாதே, அது பட்ட இடத்தில் அப்புறம் வேறெதுவும் ஒட்டாது.

ஹல்லின் (படகின் உடல்) சுவருக்குள் மரமோ நுரையோ இருந்தால், துளையைச் சுற்றி அதைத் தோண்டி எடுத்துவிட்டு எபாக்சி நிரப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் சீலண்ட் சீக்கிரம் இறுகும், அதனால் முதலில் சீலண்ட் இல்லாமல் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துக்கொள்.

துளைகளின் அளவை எழுதி அனுப்பு, இங்கே வாங்கி வைக்கிறேன். படகைக் கரையேற்றும் தேதியையும் சொல், லீவு போட்டுவிட்டு வருகிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி