படித்துக் காட்டு, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறேன், மாத்திரை வேளைக்குப் போடுகிறேன். இங்கே மூன்று நாளாக மழை. சம்பா நடவு நடந்த வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ, "இந்த நாடு உருப்படாதும்மா, எல்லாத்தையும் பூட்டிட்டு இங்க வந்துடுங்க" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் காந்தி ஜெயந்தி, கிராம சபைக்குப் போனேன். வந்ததிலிருந்து உனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டாவது முடித்ததும் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்தாய். முதல் நாள் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை என்றார்கள். அடுத்த நாள் படிவம் தப்பு என்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் "நாளைக்கு வா". கலந்தாய்வுக்கு நான்கு நாள் இருந்தபோது நீ திண்ணையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் சான்றிதழ் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் போய் முந்நூறு ரூபாய் கொடுத்தேன் தம்பி. பால்வாடிப் பிள்ளைகளுக்கு "திருடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது" என்று சொல்லிக்கொடுத்த கையால் கொடுத்தேன். இத்தனை வருஷமாக அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது.

சரி, சபைக்கு வருகிறேன்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் சாமியானா போட்டிருந்தார்கள். நம்மைப் போல மூவாயிரம் பேருக்குள் இருக்கும் ஊரில் நூறு பேராவது வந்தால்தான் சபை செல்லும். முன்னெல்லாம் அந்த நூறு பேருக்காக நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பார்கள். நோட்டில் கையெழுத்து வாங்கியதும் கலைந்து போய்விடுவார்கள். தீர்மானத்தை அப்புறம் யாரோ எழுதுவார்கள். இந்தத் தடவை யாரும் கலையவில்லை. தலைவரம்மாவும் வீட்டுக்காரரைப் பார்க்காமல் தானே எழுந்து வரவு செலவைப் படித்தார். குரல் நடுங்கியது, ஆனால் கடைசி வரை படித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீ இருந்து கேட்டிருக்க வேண்டும் தம்பி. நாடு வல்லரசாக வேண்டும் என்று ஒருவர் கேட்கவில்லை. பெட்டிக்கடை அண்ணன் கேட்டது இது: வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, ஆளுக்கு 55 லிட்டர் என்பது கணக்கு, அது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள், குடத்தோடு காத்துக் கிடக்க முடியவில்லை. காலேஜ் போகும் பெண்கள், டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான், ஆனால் சாயங்காலம் நம் நிறுத்தத்தில் பஸ் நிற்கவேண்டும் என்றார்கள். முதியோர் பணம் வாங்கும் ஒரு பாட்டி, இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை, ஏன் என்று யாராவது சொன்னால் போதும் என்றாள். 'பணம் கொடு' என்று அவள் சொல்லவில்லை, 'காரணம் சொல்' என்றாள்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பிடிபட்டது. எல்லாரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: எங்களை அலையவிடாதீர்கள், கேட்டதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து நீ செருப்பைப் பார்த்தபோது உனக்கும் இதுதானே வேண்டியிருந்தது?

நெல் விஷயத்தையும் சொல்லவேண்டும். குறுவை அறுத்தவர்கள் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அங்கே வாங்குவார்கள். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை அறுவடை புரட்டாசியில்தான் வரும், மழையும் அப்போதுதான் வரும். வானம் பார்த்து அறுக்க முடியுமா? உன் அப்பாவோடு ஏர் ஓட்டிய மாமா பகலில் தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக் காயவைக்கிறார், ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி அதன் பக்கத்திலேயே படுக்கிறார். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே முளை கட்ட ஆரம்பித்துவிட்டது. அவர் சபையில் கேட்டது, ஊருக்கு ஒரு சிமெண்டுக் களமும் கூரை போட்ட ஒரு கொட்டகையும். "சலுகை வேணாம்மா, நெல்லு நனையாம இருக்க ஒரு இடம் போதும்." ஒவ்வொரு வருஷமும் மழை பெய்த பிறகு ஈரப்பதத்தைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்கு எழுதுகிறார்கள், அங்கிருந்து ஆட்கள் வந்து நெல்லைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மழை வருவது தெரிந்ததுதானே, களத்தை முன்னாலேயே கட்டினால் என்ன என்று அவர் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கீழத்தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இல்லை என்பது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன். உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது சிமெண்டுப் பாதையில் போனோம், இரண்டு பக்கமும் தெருவிளக்கு. அது நம் தெருவுக்கான சுடுகாடு. அவர்களுடைய சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஆவணியில் அங்கே ஒரு பெரியவர் இறந்தார். பயிர் நின்ற வயலில் மிதிக்க விடவில்லை. நான்கு பேர் பாடையைத் தோளில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் வாய்க்காலுக்குள்ளேயே நடந்தார்கள். பின்னால் போன பிள்ளை கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். நான் மதகு மேல் நின்று பார்த்தேன். முன்னால் தூக்கிய இரண்டு பேரும் என் பால்வாடியில் படித்தவர்கள். மூன்று வயதில் தராசுத் தொட்டிலில் வைத்து எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தேன், எடை ஏறவில்லை என்றால் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சத்துமாவு கொடுத்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு அப்பனைத் தூக்கிப் போக ஒரு வழி இல்லை.

சபையில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளும் என் பிள்ளைதான். நர்ஸிங் படித்திருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நில ஆவணம் கேட்டு வாங்கியிருக்கிறாள். வயலை அளந்து வரைந்த புலப்படத்தை விரித்து, எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டின் நகலைப் பக்கத்தில் வைத்து, "வாய்க்கால் புறம்போக்கு இவ்வளவு அகலம், கரை மட்டும் எட்டடி. இப்போ போய் அளந்து பாருங்க, ரெண்டடிகூட இல்ல" என்றாள். இரண்டு பக்கத்து வயல்காரர்களும் வருஷா வருஷம் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை வெட்டி வயலில் சேர்த்துவிட்டார்கள். புதிதாக யார் நிலமும் வேண்டாம், இருந்த கரையை மீட்டு மண் அடித்தால் அதுவே பாதை என்றாள். ஒரு சத்தம் எழுந்தது. வயல்காரர்கள் நம் சொந்தக்காரர்கள் என்பது உனக்குத் தெரியும். சாதியைச் சொல்லாமல், அதை மனதில் வைத்துக்கொண்டே பேசினார்கள். அவள் உட்காரவில்லை. தாளைப் பிடித்த கை மட்டும் ஆடியது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மகளிர் குழுப் பயிற்சியில் சொன்னார்கள். ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை செய்த கூலியாட்களுக்கு முழுக் கூலி வரவில்லை. எங்கள் பெயரில் என்ன எழுதியிருக்கிறீர்கள், அந்த வருகைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். காட்ட மாட்டேன் என்றதும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். அருணா ராய் அம்மா ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்து அவர்களோடு குடிசையில் இருந்தார். 1996இல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷமே நம் தமிழ்நாட்டில் மாநில அளவில் சட்டம் வந்தது, 2005இல் நாட்டுக்கே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து "கணக்கைக் காட்டு" என்று கேட்டதால் வந்த சட்டம். அதை வைத்துத்தான் நம் ஊர்ப் பெண் கரையின் அகலத்தைக் கேட்டு வாங்கினாள்.

நான் எழுந்தேன். முட்டி ஒத்துழைக்கவில்லை, பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "ஆவணியில் நான் மதகு மேல நின்னு பார்த்தேன். அந்தப் பொண்ணு சொல்றது சரி. தீர்மானம் எழுதுங்க" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அப்புறம் மாமா, அதுதான் நெல்லோடு படுத்திருப்பவர், தன் வயலும் அந்தக் கரையோரம்தான், தன் பக்கம் அளந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

செயலர் எழுதினார். நோட்டைச் சுற்றிவிட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஆவணியில் இறந்தவருடைய மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைப்பெட்டியை நீட்டினார்கள். கட்டைவிரலில் மையைத் தொட்டவர், தாளுக்கு மேல் கையை நிறுத்திக்கொண்டார். "என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு, அப்புறம் வைக்கிறேன்." செயலர், எல்லாம் நீங்கள் சொன்னதுதான் பாட்டி என்றார். அந்த அம்மா கையை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. செயலர் படித்தார். "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று இருந்தது. நர்ஸிங் பெண் உடனே எழுந்து, பரிசீலனை இல்லை, கரையை நில அளவை செய்து பாதை அமைப்பதென்று சபை தீர்மானிக்கிறது என்று எழுதச் சொன்னாள். அடித்துவிட்டு எழுதினார். திரும்பவும் படித்தார். அதற்கப்புறம்தான் அந்த அம்மா விரலை அழுத்தினார். அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

தம்பி, கேட்டு வாங்கியதெல்லாம் வீண் போகவில்லை. நான் 1987இல் வேலைக்குச் சேர்ந்தபோது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து என் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மதியச் சாப்பாடு இருந்தது, காலைக்கு ஒன்றும் இல்லை. ஆயாவும் நானும் அதைச் சொல்லாத கூட்டம் கிடையாது. 2023 ஆகஸ்டில் காலைச் சிற்றுண்டியை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுவந்தார்களே, தொடங்கி வைத்த இடம் நமக்குப் பக்கத்தில் திருக்குவளை. நம் பள்ளியில் முதல் நாள் ரவை உப்புமா. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஜன்னலோரம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உன் சான்றிதழும் இப்போது இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டினால் கிடைக்கிறது. சர்வர் இல்லை என்று சில நாள் திருப்பி அனுப்புகிறார்கள்தான். ஆனாலும் நீ அலைந்த மாதிரி இன்று ஒரு பிள்ளை அலையவேண்டியதில்லை.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தீர்மானம் எழுதிய நோட்டு பீரோவுக்குள் போய்விடும் என்று எனக்கும் பயம் இருக்கிறது. அதனால் வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குத் திருவாரூர் போகிறோம். தீர்மான நகல், புலப்படம், ஆவணியில் யாரோ போனில் எடுத்த படம், எல்லாவற்றையும் மனுவோடு வைத்திருக்கிறோம். பதினோரு பேர் வருகிறார்கள், மாமாவும் வருகிறார். சின்ன வயதில் கோயிலுக்குப் போகும்போது மனுநீதிச் சோழன் கல்தேரைக் காட்டி உனக்குக் கதை சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? பசு வந்து மணியை அடித்ததும் ராஜாவே இறங்கி வந்தார் என்பேன். "பசுவுக்கு மணி எட்டுமாம்மா?" என்று கேட்டாய். எட்டுகிற உயரத்தில் கட்டியிருந்தார் என்று சொன்னேன். திங்கட்கிழமை அந்தப் பக்கமாகத்தான் பஸ் போகும்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, எப்போதும் போல 20ஆம் தேதி திரும்புகிற மாதிரி டிக்கெட் எடுக்காதே. ஜனவரி 26 கிராம சபை இருக்கிறது. 27ஆம் தேதிக்கு எடு. கரையை அளந்தார்களா என்று அன்றைக்குக் கேட்கவேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நீ நின்றால் எனக்குத் தெம்பாக இருக்கும். முந்நூறு ரூபாய் விஷயமாக என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து சொல்.

மழை விட்ட மாதிரி இருக்கிறது. மாமாவின் தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்துவிட்டதாம், நம் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

உன் அம்மா