ஆறு இலக்க எண்ணுக்காகக் கண்மாய்க் கரையில் நிற்கும் ஊரிலிருந்து

கிராமத்து அரசுப் பள்ளிகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியின் இணைய இணைப்பு அறுந்து பதினொரு மாதம் ஆகிறது. அறுந்த கதை உங்கள் கோப்பில் இருக்கும். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய ஜேசிபி, கேபிளையும் சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டுப் போனது. குழாய் பதித்தவர்கள் கேபிள் எங்களுடையது அல்ல என்றார்கள். கேபிள்காரர்கள் தோண்டியது நாங்கள் அல்ல என்றார்கள். இரண்டும் உண்மைதான். இதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் உறுப்பினன் என்ற முறையிலும், அதே பள்ளியில் படித்தவன் என்ற முறையிலும் நான் இதை எழுத உட்கார்ந்தது, போன மாதம் நடந்த வேறொன்றுக்காக.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேர்வு எழுதித் தேறியவள். அது என்ன தேர்வு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வரி: தேறிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் மத்திய அரசு உதவித்தொகை, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 48,000. எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளியில் தேறிய முதல் பிள்ளை இவள்தான். அப்பா கரிமூட்டம் போடும் கூலிக்காரர். ரிசல்ட் வந்த அன்று அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தேறினால் மட்டும் போதாது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கவும் வேண்டும். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. கம்ப்யூட்டர்களுக்கு உறை தைத்துப் போட்டிருக்கிறோம், தூசி படாமல் அழகாக இருக்கின்றன. இணைப்பு மட்டும் இல்லை. ஊருக்குள் போனில் டவர் எடுக்காது. கண்மாய்க் கரையில் மடைக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு வரும். வகுப்பாசிரியர் தன் போனை எடுத்துக்கொண்டு நான்கு சாயங்காலம் அந்தப் பிள்ளையோடும் அவள் அம்மாவோடும் மடையில் நின்றார். ஓடிபி வரும், பக்கம் திறக்காது. பக்கம் திறக்கும், ஓடிபி காலாவதியாகியிருக்கும். ஐந்தாம் நாள் அப்பா வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், பிரௌசிங் சென்டரில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்து விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இந்த மடல் இல்லை. இந்த அலைச்சல் எங்களுக்குப் பழகியதுதான்.

விண்ணப்பத்தில் ஒரு சிறு குறை. பேங்க் புத்தகத்தில் இருக்கும் இனிஷியலும் ஆதாரில் இருக்கும் இனிஷியலும் ஒத்துப்போகவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லி அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி போயிருக்கிறது. போன் ஊருக்குள் இருந்தது. பள்ளியின் கணக்கிலும் அதே தகவல் வந்து கிடந்திருக்கிறது. பள்ளிக்கு இணையம் இல்லை. ஒரு வாரம் கழித்து, வேறு ஏதோ வேலையாக மடைப் பக்கம் போனவரின் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று அடித்தது. அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. வாத்தியாரிடம் கொண்டுவந்து காட்டியபோது, திருத்துவதற்கான கடைசித் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தப் பிள்ளை அழவில்லை. "அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடிகிற தேர்வு அது. ஆசிரியர் என்னிடம் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. இணைப்புக் கொடுத்தால் மட்டும் போதாது. பழுதானால் வந்து பார்க்க ஒரு ஆளைச் சொல்லுங்கள், எத்தனை நாளில் பார்ப்பார் என்று ஒரு கணக்கைச் சொல்லுங்கள். அந்த ஆளின் பதவியையும் நாள் கணக்கையும் பள்ளிச் சுவரில் பெயின்டால் எழுதிவைக்க அனுமதி கொடுங்கள். மின்கம்பி அறுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் கம்பிக்கு அப்படி ஒருவர் இல்லை.

இணைப்பு இருந்த நாளிலும் நாங்கள் ராஜாவாக இருந்துவிடவில்லை. லேப்பில் நெட் உண்டு, ஆனால் ஓடிபி போனுக்குத்தானே வரும்? போன் மடையில் இருக்க வேண்டும். அதனால் மடையில் ஒரு பையன், பாதி வழியில் புளியமரத்தடியில் ஒரு பையன், லேப் ஜன்னலில் ஒரு பையன் என்று நிறுத்தி, எண்ணைக் கத்திக் கத்தி அஞ்சல் செய்தோம். காற்றடிக்கிற நாளில் 'ஒண்ணு' என்பது 'மூணு' என்று வந்து சேரும். அந்தப் பையன்களுக்கு இது பெரிய விளையாட்டு. டிஜிட்டல் இந்தியாவில் எங்கள் ஊரின் பங்கு இந்த அஞ்சல் ஓட்டம்தான் என்று நாங்களும் சிரித்துக்கொண்டோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

பணம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோவதற்காகவே 2002 முதல் தனி நிதி ஒன்று இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் அதற்குப் போகிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. மடையில் நின்று, கிடைக்காத டவருக்காக மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோமே, எங்கள் காசும் அதில் இருக்கிறது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது, 2015-இல் அதற்கு பாரத்நெட் என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஒப்புதல் கிடைத்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பையும் தாண்டிவிட்டார்கள்.

பாடப்புத்தகத்தைப் பாருங்கள். 2018-இல் வந்த புதிய புத்தகங்களில் பாடங்களுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று அச்சிட்டிருக்கிறார்கள், போனை நீட்டினால் காணொளி வருமாம். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். என் மகள் அந்தக் கட்டங்களில் வெள்ளையாக இருக்கும் இடத்துக்கெல்லாம் கலர் பென்சிலால் வண்ணம் அடித்துவைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் அடிப்போம்ப்பா, அது அதுக்குத்தானே இருக்கு?" என்றாள்.

புகார் கொடுக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் எத்தனை தடவை என்பதற்கு என்னிடமே கணக்கு இல்லை. அந்தத் தீர்மானங்களைச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஆகவே, 'பள்ளிக்கு இணையம் இல்லை' என்ற தீர்மானத்தை ஏற்றுவதற்காகத் தலைமை ஆசிரியரும் நானும் பைக்கில் மடைக்குப் போனோம். ஏறவில்லை. ஏறாததால் அந்த மாதம் எங்கள் குழு கூட்டமே நடத்தவில்லை என்று விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. அந்த ஓலை மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பி வரும்போது வரட்டும், அதுவரை இருக்கிற கம்ப்யூட்டர்களைச் சும்மா கிடக்கவிட வேண்டாம் என்று நினைத்தேன். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே இறக்கி, இணையம் இல்லாமலே படிக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் அதற்காகவே இருக்கிறது. மொத்தமும் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும். மதுரையில் வேலை செய்யும் என் தம்பி இறக்கிக் கொடுத்தான். கொண்டுபோய் நீட்டினேன். வெளி மென்பொருளைப் போட அனுமதி இல்லை, பாஸ்வேர்டு மேலே இருக்கிறது என்றார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் எங்கள் லேப்பில் தேர்வு வைப்பதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாதபடி பூட்டி வைத்திருப்பது யார் யோசனை? பிள்ளைகளுக்கு அது கம்ப்யூட்டர் அறை இல்லை, பரீட்சை அறை. அதற்குள் போவது என்றாலே கையைக் கட்டிக்கொள்கிறார்கள். கம்பியோடு கொஞ்சம் புது யோசனையும் வேண்டியிருக்கிறது.

அந்தப் புது யோசனைகூடப் பழையதுதான். 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். தொலைபேசிக் கம்பி சரியில்லாத ஊர்களுக்கு வானொலி அலை வழியாகத் தகவல் போனது, கரண்ட் நிற்காமல் இருக்கச் சூரிய ஒளித் தகடு போட்டார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார்கள். கடலில் அலை எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் போதும் என்றார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்த அலைக் கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, கரையில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தார்கள். பள்ளிக்கூடமே போகாத மீனவருக்கும் இணையம் அப்படிப் பயன்பட்டது. 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரில் இருந்த ஓர் ஊர்க்காரர் போனில் சொன்ன எச்சரிக்கையை அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்துத்தான் ஊரே கரையை விட்டு விலகியது.

உங்கள் மேசைக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. நான் சொல்ல வருவது, அங்கே ஊர்க்காரர்கள் கையில் சாவி இருந்தது. எங்கள் லேப்பும் சாயங்காலம் நான்கரைக்கு மேல் ஊருக்குத் திறந்திருக்கட்டும். பட்டா மாறுதலுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் டவுனுக்கு ஓடுகிறவர்கள் அங்கே உட்கார்ந்து போட்டுக்கொள்வார்கள். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் நாலு பேர் பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஊருக்கே பயன்படுகிற கம்பியாக இருந்தால், அது அறுந்த அன்றே ஊர் கூடிப் பேசும். பள்ளிக்கூடத்துக் கம்பி அறுந்தது எங்களில் பாதிப் பேருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். இது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

டவர் இல்லாதது, பஸ் இல்லாதது, கணக்கு வாத்தியார் பணியிடம் காலியாக இருப்பது என்று எழுதிக்கொண்டே போகலாம். இந்த மடலில் எல்லாவற்றையும் கேட்டால் நீங்கள் எதையும் செய்ய மாட்டீர்கள் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எச்சரித்திருக்கிறார். ஆகவே கேட்டதையே மறுபடி கேட்டுக்கொள்கிறேன். பழுது பார்க்க ஒரு ஆள். அதற்கு ஒரு நாள் கணக்கு. சுவரில் எழுதிவைக்க ஓர் அனுமதி. எங்கள் பள்ளிக்கு மட்டும் கேட்கவில்லை, கேபிள் அறுந்து கிடக்கும் எல்லாக் கிராமத்துப் பள்ளிக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை இப்போதாவது எடுத்துப் பார்க்க வழி இருந்தால், அந்த வழியைத் தலைமை ஆசிரியருக்குத் தபாலில் எழுதித் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திருத்த வேண்டியது ஒரே ஒரு எழுத்து.

கேபிளைச் சரிசெய்ய யாராவது வருவதாக இருந்தால், முன்கூட்டிப் போன் செய்து பார்க்க வேண்டாம், எடுக்காது. நேரே வரச் சொல்லுங்கள். பள்ளிக்குப் போகிற வழியில் மடை இருக்கிறது, எங்களில் யாராவது ஒருவர் அங்கேதான் நின்றுகொண்டிருப்போம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முன்னாள் மாணவர்